துருப்பிடிக்கிற கத்தி

இந்தக் கத்தி துருப்பிடிக்கும் என்று கடைக்காரன் திரும்பத் திரும்பச் சொன்னான். தண்ணீர் பட்டால் உடனே துடைக்க வேண்டும், இடைக்கிடை எண்ணெய் பூச வேண்டும், அந்தத் தொல்லை வேண்டாமென்றால் துருவே பிடிக்காத கத்தி இதோ இருக்கிறது என்று ஒன்றை எடுத்தும் வைத்தான். வசந்தமலர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, தன் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"கட்டாயம் துருப்பிடிக்குமா?"

கட்டாயம் பிடிக்கும் என்றான் அவன், தானே ஏதோ பிழை செய்துவிட்டவனைப் போல. அப்படியென்றால் இதுதான் வேண்டும் என்றாள் அவள்.

அதற்கு முன்னால் அந்தக் கடையில் அவள் ஆடிய கூத்து வேறு. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கிவிப் பறவைக் காந்தம் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கண்ணாடிக்குள் இருந்த கத்திகளை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி ஒட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒட்டியது. ஒட்டியும் மனம் ஒப்பவில்லை. எவர்சில்வர் மாதிரி மினுங்குகிற சாமானை என்னவென்று நம்புவது? அவளுக்கு வேண்டியது இரும்பு. துருப்பிடிக்கிற, அசல் இரும்பு. கடைசியில்தான் இது கண்ணில் பட்டது. மரப்பிடி. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரல் நீளத்துக்கு ஓர் அலகு, விரித்தபின் மடங்காமல் இருக்கக் கழுத்தில் திருகிவிட ஒரு வளையம். மற்றக் கத்திகள் அந்தக் குளிர்காலத்தில் விரலைச் சுட்டன. இது மரம் என்பதால் கையில் இதமாக இருந்தது.

வசந்தமலருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டின் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டில் இருந்தாள். நியூமார்க்கெட்டில் ஒரு பூக்கடையில் வேலை. தண்டு வெட்டவும் வாளி கழுவவும் என்றுதான் அவளை முதலில் எடுத்தார்கள். பிறகு கை வேகத்தைப் பார்த்துவிட்டு, செத்தவீட்டுக்குப் போகிற மலர்வளையங்களை எல்லாம் அவளிடமே தள்ளிவிட்டார்கள். ஆக்லாந்தில் யார் யாரோ செத்தார்கள், இவள் பூ வைத்தாள். ஒரு முகமும் தெரியாது. தெரியாததால் பயமும் இல்லை.

தெரிந்த முகம் ஒன்று அந்த வருஷம் ஜூன் மாதத்தில் போனது. அவளுடைய கணவர் தியாகலிங்கம் மங்கரேயில், விமானச் சரக்குக் கொட்டகையில் வேலை செய்தவர். ஒரு காலை "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேநீர் நேரத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். இடைவேளை முடிந்து மற்றவர்கள் எழும்பினார்கள், அவர் எழும்பவில்லை. நோய் இல்லை, நொடி இல்லை, ஒரு சொல் இல்லை.

அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் செருமாமல் எந்த இடத்துக்குள்ளும் நுழைய மாட்டார். பிறத்தியார் வீடு என்றில்லை, தன் வீட்டுச் சமையலறைக்குள் வருவதென்றாலும் நடையில் நின்று ஒரு தரம் செருமுவார். யாராவது "வாங்கோ" என்று சொன்னால்தான் காலை எடுத்து வைப்பார். கல்யாண வீட்டில் பந்திக்கு யாரும் கையைப் பிடித்து அழைக்கவில்லை என்று சாப்பிடாமலே திரும்பி வந்த ஆள். அந்தக் கதையைச் சொல்லி வசந்தமலர் அவரை வாழ்நாளெல்லாம் கேலி செய்திருக்கிறாள். இப்படியொரு கூச்சக்காரர் எப்படி அகதி விண்ணப்பம் கொடுத்து ஒரு நாட்டுக்குள் நுழைந்தார் என்பது அவளுக்கு இன்றைக்கும் விளங்காத புதிர்.

எட்டாம் நாளில் எட்டுச்செலவுப் படையலும் முடிந்து, வந்த சனமெல்லாம் கலைந்த பிறகு அது தொடங்கியது.

வாசல் வேலியில் கதவாக ஒரு மரப்படலை, அதற்குப் பித்தளைக் கொளுக்கி. வேலை முடிந்து அவர் வருகிற பின்னேரப் பொழுதில் அந்தக் கொளுக்கி 'டக்' என்றது. எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. அடுத்த நாளும் அதே பொழுதில் 'டக்'. பிறகு சமையலறைக் குழாய் தானாகச் சொட்டியது, இறுக்கி மூடினால் நின்றது, அவள் முதுகைத் திருப்பியதும் மறுபடி சொட்டியது. இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கும்போது, பின்னால் நடையில், யாரோ செருமினார்கள்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் என்ன இருக்கும் என்பதை விட, என்ன இருக்காது என்பதுதான் அவளை உலுக்கியது. வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, பின்கதவால் இறங்கி, முன்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருகிற வரைக்கும் வளவில் நின்றாள். முப்பது வருஷம் பக்கத்தில் படுத்த மனிதர்தான். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் செத்தவர் வேறு மாதிரி என்று சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிய பயம். பேய்க்கு விசா வேண்டியதில்லை, எங்கள் சனம் எந்த விமானத்தில் ஏறினாலும் அதுவும் பக்கத்து இருக்கையில் ஏறிவிடுகிறது.

கனடாவிலிருந்து தியாகலிங்கத்தின் அக்கா செல்வநாயகி தொலைபேசியில் வந்தாள். அழுது முடித்தபின் விசயத்தைக் கேட்டாள், கேட்ட உடனே தீர்ப்பும் சொன்னாள்.

"மலர், நான் என்ரை தம்பியைப் பற்றிச் சொல்லுறன் எண்டு நினையாதை. திடீரெண்டு போனது. அதுக்கு இன்னும் விளங்கியிருக்காது. ஒரு இரும்பை எப்பவும் உடம்போடை வைச்சிரு. கிட்ட வராது."

'அது' என்று செல்வநாயகி சொன்னது வசந்தமலரின் நெஞ்சில் தைத்தது. தைத்தாலும் மறுநாளே காந்தத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். சமையலறையில் தோசைக்கல் இரும்பு, தாச்சி இரும்பு, வீடு முழுக்க ஆணி இரும்பு. அந்தக் கணக்குப் பார்த்தால் எந்த யாழ்ப்பாணத்து வீட்டுக்குள்ளும் ஒரு பேய் தலைகாட்ட முடியாது. ஆனால் பயந்தவளுக்குச் சட்டைப் பையில் இருப்பதுதான் இரும்பு.

கத்தி வந்தது, சத்தம் நின்றது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே கிழமை அவளுடைய மகன் பிரணவன் பிளாட் புஷ்ஷிலிருந்து வந்து, படலைக் கொளுக்கியின் திருகாணியை இறுக்கினான், குழாய்க்குப் புது வாஷர் போட்டான், நடையில் காற்று வருகிற சன்னல் இடுக்கை அடைத்தான். அவனைக் கேட்டால் சத்தம் நின்றதற்குக் காரணம் அவன். வசந்தமலரைக் கேட்டால் கத்தி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவின் சட்டைப் பையில் கத்தி இருப்பதைக் கண்டதும் பிரணவன் பதறிப்போனான். பேய்க் கதையைச் சொன்னால் கவுன்சலரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று அவள் சொல்லவில்லை, பூக்கடைக்கு என்றாள். அவன் உட்கார்ந்து சட்டத்தை விளக்கினான். இந்த நாட்டில் தக்க காரணம் இல்லாமல் வெளியில் கத்தி கொண்டு திரிவது குற்றம். பூ வெட்டுகிற வேலை என்றால் அது காரணம். பழம் வெட்ட என்றால் அதற்கும் ஒரு நியாயம் உண்டு.

"ஒண்டை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அம்மா," என்றான். "பாதுகாப்புக்கு வைச்சிருக்கிறன் எண்டு வாய் தவறியும் வரக்கூடாது. அதுதான் இஞ்சை பெரிய பிழை."

அவள் சரி என்றாள். 'பூக்கடை வேலை' என்பதை ஆங்கிலத்தில் ஒரு முழு வசனமாக எழுதித் தரச் சொல்லி, கோயில் சுலோகம் போலப் பாடமாக்கிக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் கத்தியைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. அதற்குள் அது அவளுக்குப் பழகிவிட்டது. ரோசாத் தண்டைச் சரிவாக வெட்ட அதைப் போல ஒரு கத்தி கடையில் இல்லை. பெட்டிகளைக் கட்டிவருகிற பிளாஸ்டிக் பட்டியை ஒரே இழுப்பில் அறுக்கும். அலகு மெல்ல மெல்லக் கறுத்து, ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு படிய, அவள் அதைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்துக்கொண்டாள். வேலைக்குப் போகும்போது காற்சட்டைப் பையில், வீட்டில் சட்டைப் பையில், படுக்கும்போது தலையணைக்குக் கீழே. கடையில் மற்றப் பெண்கள் அதை எடுத்துவிட்டால் முகம் சிவந்துவிடும். கல்யாண மோதிரத்தைக் கழற்றிவைத்தாலும் வைப்பாள், அதை வைக்க மாட்டாள்.

வீடு அமைதியாக இருந்தது. முதல் வருஷம் அந்த அமைதி பெரிய ஆறுதல். பிறகு அப்படி இல்லை.

எல்லாருடைய கனவிலும் தியாகலிங்கம் வந்தார். பிரணவனின் கனவில் வந்து காருக்குக் காற்று அடிக்கச் சொன்னார். செல்வநாயகியின் கனவில் வேட்டி கட்டி வந்து தேத்தண்ணி கேட்டார். பிரணவனுடைய மாமியார், அவரை இரண்டு தரம்தான் நேரில் கண்டவர், அவருடைய கனவில் கூட வந்து வாசலில் நின்று செருமினாராம். வசந்தமலருக்கு ஒரு கனவும் இல்லை. ஒரு நிழல் இல்லை, ஒரு வாசம் இல்லை. அவர் போட்டிருந்த ஜாக்கெட்டை முகர்ந்தால் அலுமாரியின் வாசம்தான் வந்தது. அவருடைய குரலை நினைத்துப் பார்த்தாள், அதுவும் சரியாக வரவில்லை. சம்பந்தியின் கனவுக்குப் போகிற மனிதருக்கு என்னிடம் வர மட்டும் வழி தெரியவில்லையா என்று கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடு நாலு வருஷம் போனது.

போன மே மாதம், ஃபீஜோவா பழுக்கிற காலம். பக்கத்து வீட்டார் வழக்கம்போலப் பழங்களைப் பெட்டியில் போட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் வைத்திருந்தார்கள். கொய்யாவுக்குத் தங்கச்சி முறையான பழம், தியாகலிங்கத்துக்கு உயிர். வசந்தமலர் நாலைந்தை எடுத்துக்கொண்டு மவுண்ட் ஆல்பர்ட் நிலையத்துக்குப் போனாள். ரயில் பிந்தும் என்று அறிவித்தார்கள். அவள் மேடையிலிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கத்தியை விரித்து, வளையத்தைத் திருகி, ஒரு பழத்தைப் பாதியாக வெட்டினாள்.

யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பொலிஸ்காரர்கள் மேடையின் மறு முனையிலிருந்து நடந்து வந்தார்கள். ஆண் தள்ளி நின்றான். பெண், கூந்தலைப் பின்னால் முடிந்த அந்த மண்ணின் பூர்வகுடியான ஒரு மாவோரிப் பெண், முப்பது வயதுதான் இருக்கும், கிட்ட வந்து காலை வணக்கம் சொன்னாள். அந்தக் கத்தியைக் கொஞ்சம் தர முடியுமா என்று கையை நீட்டினாள்.

வசந்தமலர் கையில் கொடுக்கவில்லை. கத்தியைக் கையோடு கை கொடுத்தால் பகை வரும், அது அவளுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். மடித்து வாங்கில் வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டாள். பொலிஸ்காரி அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு, இதை ஏன் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டாள்.

பாடமாக்கிய வசனம் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் சீருடையைக் கண்டால் வசந்தமலருக்கு மூளை மரத்துவிடும். கொழும்பில் பழகிய வியாதி அது. பொய் சொன்னால் பிடிபடுவாய், உண்மையைச் சொன்னால்தான் விடுவார்கள் என்று உள்ளே ஏதோ ஒன்று நெட்டித் தள்ளியது. பூக்கடை வேலையும் உண்மைதான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவே இல்லை.

"பாதுகாப்புக்கு," என்றாள்.

பொலிஸ்காரியின் முகம் மாறியது. "யாரிடமிருந்து?"

"என் கணவரிடமிருந்து."

அதன் பிறகு அந்தப் பெண் கத்தியை மறந்துவிட்டாள். ஆணைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், அவன் இன்னும் தள்ளிப் போனான். தான் வாங்கில் உட்கார்ந்தாள். பயப்பட வேண்டாம், நீங்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை என்பது போன்ற குரலில், அவர் இப்போது எங்கே இருக்கிறார், இன்றைக்கு வீட்டில் இருக்கிறாரா, உங்களுக்குப் போய் இருக்க வேறு இடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்போதுதான் வசந்தமலருக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த நல்ல மனிதரை ஒரு பொலிஸ்காரி முன்னால் பெண்டாட்டியை அடிக்கிறவனாக்கி விட்டாளே.

அவர் இறந்து நாலு வருஷம் என்று சொன்னாள். இரும்பு பக்கத்தில் இருந்தால் செத்தவர்கள் கிட்ட வர மாட்டார்கள் என்றும், தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் கூட்டிச் சேர்த்துச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் வந்தது. பொலிஸ்காரி சிரிக்கவில்லை. தங்கள் ஆட்களும் மயானத்திலிருந்து வெளியே வரும்போது தண்ணீர் தொட்டுக் கை கழுவாமல் வரமாட்டார்கள் என்றாள். பிறகு, கேட்க வேண்டியது கடமை என்பதாலோ என்னவோ, கேட்டாள்.

"உயிரோடு இருந்தபோது அவர் உங்களுக்கு ஏதாவது தீங்கு செய்தாரா?"

"இல்லை. ஒரு நாளும் இல்லை." வசந்தமலருக்கு இன்னும் சொல்ல வேண்டும் போல இருந்தது. "கேட்காமல் சமையலறைக்குள்ளும் வரமாட்டார்."

"பிறகு ஏன் பயந்தீர்கள்?"

அதற்குள் தூரத்தில் ரயில் வருகிற சத்தம் கேட்டது. பொலிஸ்காரி அவளுடைய பையில் இருந்த பூக்கடை ஏப்ரனையும் கத்தரிக்கோலையும் பார்த்து, இது போதும் என்றாள். இனிமேல் கத்தியை இவற்றோடு சேர்த்துப் பைக்குள் வையுங்கள், காற்சட்டைப் பையில் வேண்டாம், யாராவது கேட்டால் வேலையைச் சொல்லுங்கள் என்று பிரணவன் சொன்னதையே அவளும் சொன்னாள். கத்தியைத் திருப்பித் தரும்போது கையில் கொடுக்கவில்லை. மடித்தபடி வாங்கில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அன்று முழுக்க வசந்தமலரின் கை வேலை செய்தது, மனம் செய்யவில்லை. யாரோ ஒரு மனிதருக்கு வளையம் கட்டினாள். வெள்ளை லில்லி, இடையில் பச்சை. பிறகு ஏன் பயந்தீர்கள்? வெட்டுகிற ஒவ்வொரு தண்டுக்கும் அந்தக் கேள்வி திரும்ப வந்தது. வராதே என்று கத்தியைக் காட்டியது அவள். ஏன் வரவில்லை என்று கோபித்ததும் அவள். கல்யாணப் பந்தியில் அழைக்கவில்லை என்று பட்டினியாகத் திரும்பி வந்த மனிதர், கத்தியோடு ஒருத்தி உள்ளே இருந்தால் என்ன செய்திருப்பார்? சண்டை பிடித்திருப்பாரா, கதவை உடைத்திருப்பாரா? படலைக்கு வெளியே நின்றிருப்பார். நாலு குளிர்காலமும் மழையில் நின்றிருப்பார். ஒருவேளை நின்று பார்த்துவிட்டுப் போயே போயிருப்பார். இந்தக் கடைசி நினைப்பு வந்தபோது அவள் பூவை வைத்துவிட்டு, கடையின் பின்பக்கம் போய், வாளிகளுக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்கு வரும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மே மாதத்தில் ஆக்லாந்துக்கு அவ்வளவு அவசரம். படலையில் நின்றாள். பிரணவன் இறுக்கிய கொளுக்கி அசையாமல் இருந்தது. வேலைப் பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்து, அதன் நுனியைத் திருகாணியில் வைத்துத் திருகினாள். இந்த வேலைக்கு அந்தக் கத்தி செய்யப்படவில்லை. ஒரு தரம் வழுக்கி விரலைக் கீறியது, நுனி கொஞ்சம் உடைந்தது. அவள் விடவில்லை. கொளுக்கி பழையபடி லொடலொடவென்று ஆடும்வரை திருகினாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பின்வளவுக்குப் போய், புல் வெட்டுகிற இயந்திரம் நிற்கிற சின்னக் கொட்டகையில், அவருடைய பழைய கையுறைகளின் மேல் கத்தியை வைத்துக் கதவைச் சாத்தினாள். நாளைக் காலை வேலைப் பைக்குள் போட எடுக்கலாம், வீட்டுக்குள் வேண்டாம்.

முன்கதவைத் திறந்தே விட்டாள். குளிர் நடை வழியாக உள்ளே வந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு கேத்தலைப் போட்டாள். மீதிப் பழங்களைக் கரண்டியால் கிண்டி ஒரு தட்டில் எடுத்தாள். இரண்டு கோப்பைகள் வைத்தாள், ஒன்றில் சீனி தூக்கலாக. முதுகை நடைப் பக்கம் கொடுத்து நின்றாள்.

கேத்தல் கொதித்து அடங்கிய பிறகு, வாசலில் கொளுக்கி 'டக்' என்றது.

காற்றா என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. பழைய பயம் அப்படியே, ஒரு துளி குறையாமல் காலடியிலிருந்து ஏறியது. வலது கை தன்பாட்டில் சட்டைப் பைக்குள் போனது. பைக்குள் ஒன்றும் இல்லை. அவள் கையை அங்கேயே வைத்துக்கொண்டு, திரும்பாமல், நடைக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, ஏன் வெளியிலை நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ."